செண்டுமல்லிச் சாயம்: பட்டு மட்டும் திட்டுத்திட்டாக வருவது ஏன்?

அனைவருக்கும் வணக்கம். கோயிலில் கழித்த செண்டுமல்லி மாலைகளைக் கொண்டு, கம்பளி நூலுக்கும் பட்டு நூலுக்கும் வீட்டிலேயே சாயம் ஏற்றிப் பழகி வருகிறேன். 100 கிராம் நூலுக்கு 15 கிராம் படிகாரம் என்ற கணக்கில், சாயம் நன்றாகப் பிடிப்பதற்காக ஊறவைத்த கம்பளி பொன்மஞ்சளாக வந்தது. ஆனால் ஒரு சிட்டத்தை (நூல் சுருளை) அவசரப்பட்டு வெந்நீரிலிருந்து நேரே குளிர்நீரில் அமிழ்த்தியதால், அது சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. இரும்புச் சட்டியில் இட்ட மற்றொன்று பாசிப்பச்சையாக மாறியது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டில்தான் சிக்கல். வெப்பத்தை 80 டிகிரிக்கு மேல் விடாமல் காத்தும், நிறம் திட்டுத்திட்டாகவே பிடிக்கிறது. சோப்பு நீரில் வேகவைத்தபோது பட்டின் இயற்கைப் பசை சீராக நீங்காதது காரணமா, அல்லது பாத்திரத்தில் நூலை நெருக்கி அடைத்ததா? அதே நூலை மறுபடி பசை நீக்கிச் சாயமேற்றலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.