பொருள்: ஃப்ளாட் வட்டி, ரெடியூசிங் வட்டி – ‘முழு அசல் வட்டி’, ‘மீதி அசல் வட்டி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான கடன் கணக்கு விரிதாளில் மற்ற தலைப்புகளுக்கெல்லாம் தமிழ்ச் சொல் அமைந்துவிட்டது. ஃப்ளாட் வட்டி (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி), ரெடியூசிங் வட்டி (கட்டியது போக மீதி இருக்கும் தொகைக்கு மட்டும் போடும் வட்டி) இந்த இரண்டும்தான் இழுத்துக்கொண்டே போகின்றன. வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்னதற்கு ‘முழு அசல் வட்டி’, பின்னதற்கு ‘மீதி அசல் வட்டி’. எந்தத் தொகைக்கு வட்டி போடுகிறார்கள் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். விகிதம் தட்டையா, இறங்குகிறதா என்று சொல்லும் பெயர்கள் கடன் வாங்குகிறவரைத் தவறான இடத்தில் பார்க்க வைக்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயி 50,000 ரூபாய் கடன் வாங்குகிறார். 12 சதவீதம், 12 மாதத் தவணை. ஃப்ளாட் முறையில் 50,000-க்கு ஒரு வருட வட்டி 6,000. இரண்டையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் மாதம் 4,666.67 ரூபாய். ரெடியூசிங் முறைக்கு விரிதாளில் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி சூத்திரத்தை =PMT(12%/12; 12; -50000) என்று போட்டால் மாதம் 4,442.44 வரும். வருட முடிவில் கட்டிய மொத்த வட்டி சுமார் 3,309 ரூபாய்தான். இரண்டு கடனிலும் எழுதியிருப்பது அதே 12 சதவீதம். வித்தியாசம் 2,691 ரூபாய்!

இதையே திருப்பியும் கேட்கலாம். மாதம் 4,666.67 கட்டுகிற அந்த ஃப்ளாட் கடன், மீதியின் மேல் கணக்கிட்டால் எத்தனை சதவீதம்? தவணையிலிருந்து மாத விகிதத்தைக் கண்டுபிடிக்கும் ரேட் (RATE) சூத்திரத்தைப் போட்டு 12-ஆல் பெருக்கினால் 21.46 வருகிறது. பத்தாவது மாதத்தில் கையில் இருக்கும் கடன் கொஞ்சம்தான். வட்டி மட்டும் முழு 50,000-க்கும் ஓடுகிறது. அதனால்தான் விகிதம் இவ்வளவு ஏறுகிறது. ‘முழு அசல் வட்டி’ என்று தலைப்பில் எழுதியிருந்தால், “நான்தான் பாதி கட்டிவிட்டேனே, இன்னும் ஏன் முழு அசலுக்கு?” என்று கேட்க வாய் வரும். ‘தட்டை வட்டி’ என்று எழுதினால் அந்தக் கேள்வி எழவே எழாது.

இனி ஒவ்வொரு பரிந்துரையாக.

> ஃப்ளாட்டுக்கு ‘நிலையான வட்டி’ போதுமே.

போதாது, அக்கா. வீட்டுக் கடனில் விகிதம் மாறாமல் இருப்பதை ஏற்கெனவே நிலையான வட்டி என்கிறார்கள். அந்த வீட்டுக் கடனின் வட்டியோ மீதி அசலுக்குத்தான் கணக்கிடப்படும். ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால், ஃப்ளாட் கடன் விற்கிற முகவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

‘குறையும் வட்டி’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே விகிதம் குறைவதில்லை, அசல்தான் குறைகிறது. மாதாமாதம் சதவீதம் இறங்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘நிலுவை வட்டி’யை நான் கொஞ்ச நாள் ஆதரித்தேன், சுருக்கமான சொல். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் நிலுவை வட்டி என்றால் கட்டாமல் நின்றுபோன வட்டி என்று பொருள். நோட்டீஸில் அந்தச் சொல்லைக் கண்டாலே நம் ஆட்கள் பதறிப்போவார்கள். அதை வைக்க முடியாது.

குன்னூர் ஐயா சொன்ன ‘முழுமுதல் வட்டி’, ‘தேய்முதல் வட்டி’ இரண்டையும் நெடுநேரம் யோசித்தேன். சொல்லாக்கம் என்று பார்த்தால் இந்த இழையில் வந்தவற்றில் அழகானவை அவைதான். அசலை முதல் என்பது, ‘முதலுக்கே மோசம்’ என்று பேச்சிலும் இருக்கிறது. ஆனாலும் ஐயா, முழுமுதல் என்றதும் எல்லோருக்கும் கடவுள்தான் நினைவுக்கு வருகிறார். தேய்முதல் என்றால் பக்கத்து நெடுவரிசையில் இருக்கும் தேய்மானத்தோடு குழம்பும். தையல் மெஷின் வாங்கிய குழுக்களின் தாளில் தேய்மானம் தனியாக வருகிறது.

அசல் அரபியிலிருந்து வந்த சொல், தமிழாக்கத்தில் அதை நாமே கொண்டு வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பள்ளிக் கணக்குப் பாடத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் அசல் என்ற சொல்லோடுதான் சொல்லித்தரப்படுகின்றன. குழு நோட்டில் ‘அசல், வட்டி, மீதி’ என்று கோடு போட்டு எழுதுகிறார்கள். இங்கே கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பலருக்கு வீட்டுமொழி படகா. கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் நிறைய. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. இத்தனை பேரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது, எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருக்கிற சொல்லை எடுப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வட்டி விஷயத்தில் மக்கள் சொல்லுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அப்படியே தமிழாக நிற்கின்றன.

மீதி அசல் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு மலையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழுந்து வரவு இங்கே மாதத்துக்கு மாதம் மாறும். மழை நன்றாகப் பெய்தால் துளிர் கூடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகி வரவு சுருங்கிவிடும். கை நிறைய வந்த மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிடலாமா என்பதுதான் விவசாயி கேட்கும் கேள்வி. அதற்கான பதில் வட்டி முறையில் இருக்கிறது. மேலே சொன்ன கடனில் முதல் மாத வட்டி 500 ரூபாய்; தவணை கட்டியபின் மீதி அசல் 46,057.56. அடுத்த மாத வட்டி 460.58. ஆனால் முதல் தவணையோடு கூடுதலாக 10,000 கட்டியிருந்தால் மீதி 36,057.56, வட்டி 360.58. அதே தவணையைத் தொடர்ந்து கட்டினால், அன்றிலிருந்து கடன் முடியும்வரை மாதம் நூறு ரூபாயாவது மிச்சம். முழு அசல் வட்டியில், முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று தனியாக எழுதிக்கொடுக்காதவரை, இந்த 10,000-க்கு எந்தப் பலனும் இல்லை. மாதம் 500 வட்டி அப்படியே நிற்கும்.

ஆகவே நம் தாளில் பிஎம்டி சூத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை வரும் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடும். அப்புறம் ஒரு மாதம் குறைந்தால், ஒரு மாதம் கூடினால் என்ன செய்வது? வரிசை வரிசையாகப் போவதுதான் நல்லது: தேதி, கட்டிய தொகை, வட்டி, அசலுக்குப் போனது, மீதி அசல். வட்டிக் கட்டத்தில் மேல் வரிசையின் மீதி அசலை வருட விகிதத்தால் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். நாள் கணக்கு வேண்டுமென்றால் 12-ஆல் வகுப்பதற்குப் பதில் இரண்டு தேதிக்கும் இடையிலான நாட்களால் பெருக்கி 365-ஆல் வகுக்கலாம். வட்டி போக மிச்சம்தான் அசலில் கழியும். நெடுவரிசையின் பெயரே ‘மீதி அசல்’ என்பதால், வட்டி எதிலிருந்து வருகிறது என்பதைச் சூத்திரத்தைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

விகிதத்தை உள்ளிடும் கட்டத்துக்கு மேலே ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடம் 24 சதவீதம். சதவீத வடிவம் கொடுக்காத கட்டத்தில் அதை வெறும் 2 என்று தட்டினால் விரிதாள் 200 சதவீதமாக எடுத்துக்கொள்ளும். 2% என்று தட்டினால் வருடத்துக்கு 2 என்று நினைத்துக்கொள்ளும். ‘வருட வட்டி, சதவீதக் குறியோடு’ என்று எழுதுவோம். கடன் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி வைத்தால் தவணை சிவப்பில் வராது. அதையும் தாளிலேயே அமைத்துவிடலாம்.

> சொல் எதுவானால் என்ன, வங்கிக்காரர்கள் அவர்கள் சொல்லைத்தானே போடுவார்கள்?

அதனால்தான் நாம் இப்போதே பேச வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த வருட விகிதமும், தவணைக்குத் தவணை அசல்–வட்டி பிரித்த அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தமிழில் தயாரிப்பவருக்கு எடுத்தாளத் தெளிவான சொல் வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டு முடித்துவிடுவார்கள். கட்டணம் சேர்த்த விகிதத்துக்கும் நல்ல சொல் தேவைதான். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: சுருக்குகிறோம் என்று நடுவிலிருக்கும் ‘அசல்’ விழுந்துவிடக் கூடாது. மீதி வட்டி என்று ஆகிவிட்டால் மறுபடி நிலுவை வட்டிக்கே போய்ச்சேருவோம். நெடுவரிசை குறுகலாக இருந்தால் இரண்டு வரியில் எழுதலாம், இடம் இருக்கிறது.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குன்னூர் ஐயாவின் ‘தேய்முதல்’ பக்கம் நிற்பவர்கள், தேய்மானத்துக்கு வேறு சொல் சொல்ல முடிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி அமைந்தால் நானே மறுபடி யோசிக்கிறேன். திங்களன்று இரண்டு தலைப்புகளையும் சேர்த்துத் தாளைப் பொதுக் கோப்புறையில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து