'கிரிட்': விடாமுயற்சி போதவில்லை, வினைத்திட்பம் என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'கிரிட்' (grit) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், விடாமுயற்சி என்றே போட்டுவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். சரிவரவில்லை.

இதை உளவியல் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலா டக்வொர்த். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் 12 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. அதில் பாதி, அடி விழுந்தாலும் உழைப்பைக் கைவிடாமல் இருக்கிறோமா என்று பார்க்கிறது. மறுபாதி, எடுத்த இலக்கில் ஆர்வம் மாறாமல் நெடுநாள் நிற்கிறோமா என்று பார்க்கிறது. விடாமுயற்சி முதல் பாதியைத்தான் தொடுகிறது.

அந்தக் கூற்றுகளைத் தமிழாக்கி, 'விடாமுயற்சி' என்று தலைப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் செஸ், அப்புறம் கீபோர்டு, இப்போது ஓவியம். ஒவ்வொன்றிலும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து உழைப்பான். சில மாதத்தில் அடுத்ததுக்குப் போய்விடுவான். தலைப்பைப் பார்த்ததும், "மாமா, இது எனக்கு நிறைய இருக்கு. ஒண்ணு வரலன்னா இன்னொண்ணு முயற்சி பண்ணிட்டே இருக்கேனே" என்றான். தமிழ்ப்படி அவன் சொன்னது சரி. முயற்சியை அவன் விடவே இல்லை. விட்டது எடுத்த காரியத்தை.

விடாப்பிடி என்றால் சொல்பேச்சுக் கேட்காதவன் என்ற தொனி வந்துவிடுகிறது. வைராக்கியம் எனக்கு மிகவும் பிடித்த சொல். "வைராக்கியமா நின்னு பிள்ளையைப் படிக்க வெச்சா" என்று ஊரில் சொல்லும்போது அந்தத் தாயின் முகமே தெரியும். ஆனால் பற்றறுத்தல் என்ற பழைய பொருள் இன்னும் அதில் இருக்கிறது. கிரிட்டுக்கோ பற்றுதான் பாதி. மீள்திறன், விழுந்தபின் எழுவது. அது 'ரெசிலியன்ஸ்' (resilience) என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லுக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை வினைத்திட்பம். திருக்குறளின் 67ஆம் அதிகாரத் தலைப்பு. வினைத்திட்பம் என்பது ஒருவனின் மனத்திட்பமே, அதாவது மன உறுதியே என்று முதல் குறளே (661) வரையறுத்துவிடுகிறது. என்னை அசத்தியது 668, 669 இரண்டும். "கலங்காது கண்ட வினைக்கண் துளங்காது" என்று முன்னது தொடங்குகிறது: தெளிந்து எடுத்த காரியத்தில் அசையாமல் நிற்பது. "துன்பம் உறவரினும் செய்க" என்கிறது அடுத்தது. அளவுகோலின் இரண்டு பாதிகளும் அடுத்தடுத்த குறள்களில் வந்துவிடுகின்றன.

வினை என்றால் பிள்ளைகளுக்கு இலக்கண வகுப்போ முன்வினையோதான் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் வேதிவினை என்று அதே பிள்ளைகள் வேதியியலில் படிக்கிறார்கள். இலங்கையில் வினைத்திறன் (efficiency) அலுவலகத்தில் புழங்கும் சொல். பழகிவிடும்.

இந்தக் குணம் உள்ள ஆளை என்னவென்று சொல்வது? 666ஆம் குறளில் "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்று வருகிறது. திண்ணியர் என்றால் மன உறுதி உள்ளவர். அப்படியே வைத்துக்கொள்ளலாமா? ஒருமைக்குத் திண்ணியன், திண்ணியள் என்பது பேச்சில் ஒட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.