பொருள்: ‘மிகு பகு எண்’ணுக்குப் பதிலாக ‘விஞ்செண்’

வணக்கம்.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை ஆங்கிலத்தில் highly composite number என்பார்கள். தமிழில் அதை ‘மிகு பகு எண்’ என்றே வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலப் பெயருக்கு நேராக இருக்கிறது என்று இங்கே எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை 7,20,720 என்ற எண்ணை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2-இன் அடுக்கு 4, 3-இன் அடுக்கு 2, அப்புறம் 5, 7, 11, 13 தலா ஒரு முறை. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5×3×2×2×2×2 = 240 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இராமானுசன் 1915-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தப் பண்பைப் பற்றியதுதான்: தனக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சி நிற்பது.

இப்போது 5,24,288-ஐப் பாருங்கள். 2-ஐப் பத்தொன்பது முறை பெருக்கினால் வருவது. திரும்ப வருவதையும் சேர்த்து எண்ணினால் பத்தொன்பது பகாக் காரணிகள், 7,20,720-க்கோ பத்துதான். ‘மிகுதியாகப் பகுபடுவது’ என்று கேட்கும் மாணவர் 5,24,288-ஐத்தான் காட்டுவார். அதற்கு மொத்தம் 20 காரணிகளே உள்ளன. அதைவிடப் பெரிய சிக்கல், 1, 2 இரண்டும் இந்த வரிசையில் வருகின்றன. இரண்டுமே பகு எண்கள் அல்ல! பகு எண்ணே அல்லாததை மிகு பகு எண் என்று எப்படி அழைப்பது?

பண்பின் உயிர் ‘விஞ்சுதல்’. ஆகவே ‘விஞ்செண்’. விஞ்சு + எண், வினைத்தொகை. குழப்பம் வரும் இடங்களில் ‘காரணி விஞ்செண்’ என்று விரித்துக்கொள்ளலாம். ‘முந்தெண்’ணையும் யோசித்தேன், பள்ளிப் பாடத்தில் ‘முன்னி’ என்பது ஓர் எண்ணுக்கு முன்னால் இருப்பது, அதனோடு மோதும்.

இந்தச் சொல் வாக்கியத்தில் நன்றாகவே உட்காருகிறது: “விஞ்செண்ணில் பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அடுக்குகள் ஏறுவதில்லை.” ஏன் என்பதும் எளிது. 7,20,720-இல் 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை இடம் மாற்றினால் 16,21,620 வரும். அதே 240 காரணிகள், ஆனால் எண் இரண்டு மடங்குக்கும் மேல். சிறியது இருக்கும்போது பெரியது எப்படி விஞ்சும்?

கிளைச் சொற்களும் சுலபம். 18-க்கு ஆறு காரணிகள், 12-க்கும் ஆறு. 18 தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் குறையவில்லை, ஆனால் விஞ்சவும் இல்லை. இப்படிச் சமன் மட்டும் செய்பவை ‘நிகரெண்’.

இன்னொரு வகைதான் பாக்கி. எண்ணைக் குறிப்பிட்ட ஒரு நேர்ம அடுக்குக்கு உயர்த்தி, காரணி எண்ணிக்கையை அதால் வகுக்கும்போது, வேறெந்த எண்ணின் ஈவும் இதன் ஈவைத் தாண்டாது என்றால் அது இன்னும் கடுமையான வகை. அப்படி ஓர் அடுக்கு 7,20,720-க்கு உண்டு. 18-க்கு எதுவுமே கிடையாது. இதைத் ‘தலைவிஞ்செண்’ எனலாமா? இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.