உதவி: ஒரே பென்ஷன், ஒரே கிளீனிங், ஒருவருக்கு பில் பூச்சியம், மற்றவருக்கு 17.5 வீதம். எங்க பிழை?

குட்டிநிறுவனம் (சிட்னி மேற்கு):
வணக்கம். வயசுபோன ஆக்களின்ர வீட்டுக்குப் போய் உதவி செய்யிற சின்ன நிறுவனம் எங்கட. மொத்தம் அம்பது பேர்கூட இல்லை, பாதிக்கு மேல தமிழ் ஆக்கள். வயசுபோன ஆக்களின்ர வீட்டுச் சேவைக்கு அரசாங்கம் காசு குடுக்கிற 'ஹோம் கெயார் பக்கேஜ்' எல்லாம் 2025 நவம்பர் 1இல புதுச் சட்டம் வந்து 'சப்போர்ட் அற் ஹோம்' ஆனதில இருந்து பில் போடுறதுதான் பெரிய தலையிடி.

அரசாங்கத்தின்ர முழுப் பென்ஷன் எடுக்கிற ஒரு அம்மா. முந்தி எங்களுக்கு ஒரு சதமும் கட்டினவ இல்லை. இப்ப கிளீனிங்குக்கு 17.5 வீதம், குளிக்கவாக்கிறதுக்கு 5 வீதம் அவ கட்டவேணும் எண்டு சொஃப்ட்வெயார் அடிச்சு விடுது. அதே தெருவில இன்னொரு ஐயா, அவரும் முழுப் பென்ஷன்தான், அவருக்குப் பூச்சியம்! பென்ஷன் விபரத்தை அழிச்சுத் திரும்பப் பதிஞ்சு பாத்தன். சேவை வகையளையும் ஒவ்வொண்டாச் சரிபாத்தன். ரெண்டு நாள் மினக்கெட்டதுதான் மிச்சம். வித்த கொம்பனி 'செற்றிங் எல்லாம் சரி' எண்டு ஒரு வரியில மெயில் போட்டிட்டுது.

கணக்குப்பிள்ளை (மெல்போர்ன்):
ரெண்டு பேருக்கும் அப்ரூவல், அதாவது பேக்கேஜுக்குத் தகுதின்னு அரசாங்கக் கடிதம், என்னிக்கு வந்தது? உங்ககிட்ட சேவை ஆரம்பிச்ச தேதி வேண்டாம், அப்ரூவல் தேதி.

குட்டிநிறுவனம்:
ஐயாவுக்கு 2023. அம்மாவுக்கு 2024 ஓகஸ்ட்டில கடிதம் வந்திட்டுது, ஆனா பக்கேஜ் கையில கிடைச்சது 2025 மே மாசம். அவ்வளவு நாளும் வரிசையில நிண்டவ.

கணக்குப்பிள்ளை:
கோளாறு அங்கதான். கட்டணத்தைத் தீர்மானிக்கிற நாள் 2024 செப்டம்பர் 12. அன்னிக்கு பேக்கேஜ் வாங்கிட்டிருந்தவங்க மட்டுமில்ல, தகுதி கிடைச்சு வரிசையில காத்திட்டிருந்தவங்களும் பழைய ஆளுங்கதான். முன்ன கட்டினதைவிட அவங்க நிலைமை மோசமாகக் கூடாதுங்கிறது விதி. இந்தப் பழைய ஆளுங்க முழுப் பென்ஷன்காரங்கன்னா பங்களிப்பே, அதாவது அவங்க கையிலிருந்து கட்டுற பங்கே, கிடையாது. பின்னாடி மறுமதிப்பீடு பண்ணி அதிக உதவி கிடைக்கிற நிலைக்குப் போனாலும் இந்தப் பாதுகாப்பு அவங்களை விட்டுப் போகாது.

உங்க சாஃப்ட்வேர் மே மாசத்தைப் பார்த்து அம்மாவைப் புது ஆளுன்னு எடுத்திருக்கும். அந்தத் தேதியை மாத்துங்க. ஆனா விகிதத்தை நாமளே கணக்குப் போடுறது தப்பு. அதை முடிவு பண்றது சர்வீசஸ் ஆஸ்திரேலியாங்கிற அரசாங்க அமைப்பு. அவங்க போர்ட்டல்ல அம்மா பேர்ல என்ன இருக்குன்னு பார்த்துட்டு அதை அப்படியே எடுத்துப் போடுங்க. போர்ட்டல்ல இருக்கிறதும் அப்ரூவல் தேதியும் பொருந்தலைன்னா அவங்களுக்குப் போன் பண்ணுங்க, சாஃப்ட்வேர்காரனுக்கு இல்ல.

முன்னாள்_நர்ஸ்:
தம்பி, ஒராளோட நிப்பாட்டாதேங்கோ. அந்த செப்டம்பர் 12இல அப்ரூவலோட வரிசையில நிண்ட ஆக்கள் எல்லாரின்ர கோப்பையும் எடுத்துப் பாருங்கோ. அதேநேரம், செப்டம்பர் 12க்குப் பிறகு அப்ரூவல் கிடைச்ச முழுப் பென்ஷன்காரருக்கு அந்த 17.5உம் 5உம் சரிதான். கிளீனிங் மணிக்கு 100 டொலர் எண்டால் அவையின்ர பங்கு 17.50. அதையும் பூச்சியமாக்கிப்போட்டுப் பிறகு முழிக்காதேங்கோ. நர்ஸ், பிசியோ போல மருத்துவச் சேவைக்கு ஆருக்கும் பங்களிப்பு இல்லை.

இன்னொண்டு. பில்லைப் பாத்துப் பயந்து ஆரும் சேவையை நிப்பாட்டினவையோ எண்டு கேளுங்கோ. எங்கட சனம் வாய் திறந்து கேக்காது, 'வேண்டாம்' எண்டு மட்டும் சொல்லும்.

மகள்_வென்ற்வேர்த்வில்:
இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும். என்ர அம்மாவுக்குச் சேவை குடுக்கிறது வேற நிறுவனம். பங்களிப்பு இல்லை எண்டாலும் மணித்தியால விலை ஒரேயடியாக் கூடியிருக்கு. கேட்டால் 'புதுச் சட்டம்' எண்டினம். எல்லாத்துக்கும் சட்டத்தைக் காட்டினா எப்பிடி?

கணக்குப்பிள்ளை:
பாதி உண்மை அக்கா. பேக்கேஜை நிர்வகிக்க 'பேக்கேஜ் மேனேஜ்மென்ட்'னு தனியாப் பிடிச்சிட்டிருந்த கட்டணம் இப்ப இல்ல. ஆபீஸ் செலவு, பயணச் செலவு எல்லாம் மணி விலைக்குள்ளேயே வந்திடணும். அதனால விலை ஏறினது மட்டும் குற்றமில்ல. பழைய ஸ்டேட்மென்ட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சு, ஒரே பட்ஜெட்டுக்கு எத்தனை மணி நேரம் கிடைச்சது, இப்ப எத்தனைன்னு எண்ணுங்க. நிறையக் குறைஞ்சிருந்தா விளக்கம் கேளுங்க. திருப்தியில்லன்னா வேற நிறுவனத்துக்கு மாறலாம், வெளியேறும் கட்டணம் கிடையாது.

குட்டிநிறுவனம் (ஒரு கிழமை கழிச்சு):
தீர்ந்திட்டுது. கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதுதான். போர்ட்டலில அம்மாவுக்குப் பூச்சியம் எண்டே கிடந்தது, நாங்கள்தான் பாக்கேல்லை. தேதியை மாத்தினவுடன பில்லும் சரி. கோப்பெல்லாம் கிண்டினதில இன்னும் மூண்டு பேர் இதே மாதிரி. காசு திருப்பிக் குடுத்தாச்சு, தமிழில ஒரு கடிதமும் வச்சனான்.

நர்ஸ் அக்கா கேக்கச் சொன்னதையும் கேட்டன். அந்த அம்மா டிசம்பரில கிளீனிங்கை நிப்பாட்டினவ. 'மகன் வந்து நிக்கிறான், அவன் செய்வான்' எண்டு எங்களுக்குச் சொன்னவ. மகன் பேர்த்தில. எண்பத்தொரு வயசில தானே குனிஞ்சு குளியலறை தேச்சிருக்கிறா. வியாழக்கிழமையில இருந்து எங்கட வேலைக்காரப் பிள்ளை திரும்பப் போகுது.

அவ பாவிக்காமல் விட்ட காசு அழிஞ்சுபோகுமோ?

முன்னாள்_நர்ஸ்:
எல்லாம் போகாது. மிஞ்சின காசில, 1,000 டொலர் அல்லது அந்த மூண்டு மாச பட்ஜெட்டின்ர பத்து வீதம், எது கூடவோ அது வரைக்கும் அடுத்த காலாண்டுக்குப் போகும். பழைய பக்கேஜில மிச்சம் கிடந்திருந்தால் அது வேற கணக்கு, அதையும் அவ சேவைக்குப் பாவிக்கலாம். ஸ்டேட்மென்ற்றில ரெண்டும் தனித்தனியா வருதோ எண்டு பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ.