4 அடி கண்ணாடி டேங்க்ல ஓட்டை போட்டு கீழ சம்ப் வைக்கிறது பத்தி

கொட்டகலை_கயல்:
எல்லாருக்கும் வணக்கம். கண்டியில ஒருத்தர்கிட்ட பழைய 4 அடி டேங்க் ஒன்னு வாங்கியிருக்கேன். 120க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், கண்ணாடி 10 மில்லிமீட்டர், தண்ணி நிரப்பி பாத்தாச்சு கசிவு இல்ல. ஏஞ்சல் மீன் வளர்க்கணும்னு ஆசை. பில்டர், ஹீட்டர் எல்லாத்தையும் மேல தொங்க விட்டா பாக்கவே நல்லா இல்ல, அதனால கீழ ஸ்டேண்டுக்குள்ள 60க்கு 30க்கு 35ல ஒரு சின்ன டேங்க சம்ப்பா வச்சு, அதெல்லாம் அதுக்குள்ள போட்டு, மேல இருந்து பைப் வழியா தண்ணி இறங்கி பம்ப்ல திரும்பி ஏற மாதிரி செய்யலாம்னு இருக்கேன். அதுக்கு கண்ணாடியில ஓட்டை போடணும். அடியில போடுறதா பின்பக்கம் போடுறதா, எந்த பிட் வாங்கணும், வீட்டுல இருக்க சாதாரண டிரில் மெஷின் போதுமா? இன்னொன்னு, இங்க காத்து மழை வந்தா எங்கயாவது மரம் விழுந்து கரண்ட் போயிரும், அந்த நேரம் மேல இருக்க தண்ணி பூரா கீழ வந்து வீடு நனையுமோன்னு அம்மா பயப்படுறாங்க. செஞ்சு பாத்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நுவரெலியா_கிளாஸ்:
தம்பி, டிரில்ல கையில எடுக்க முந்தி அது டெம்பர் கண்ணாடியா, அதாவது சூடாக்கி சட்டுனு குளிர வச்சு கெட்டியாக்கின கண்ணாடியா இல்லயான்னு பாருங்க. கண்ணாடி வெட்டுற தொழில்ல இருக்கேன், அதுனால சொல்றேன். டெம்பர் பண்ண கண்ணாடியில ஓட்டை போடவே ஏலாது, பிட் கொஞ்சம் உள்ள இறங்கின உடனே முழு கண்ணாடியும் பொடிப்பொடியா கொட்டிரும், எவ்வளவு கெட்டிக்காரன் போட்டாலும் அப்படித்தான், ஏன்னா அதோட மேல்பரப்ப இறுக்கத்துலயும் உள்பக்கத்த இழுவையிலயும் வச்சுத்தான் செஞ்சிருப்பாங்க, அந்த சமநிலை ஒரு இடத்துல போனா எல்லாம் போச்சு. கம்பனி டேங்க் நெறயதுல அடிக் கண்ணாடி மட்டும் டெம்பரா இருக்கும், சுத்தி இருக்கது சாதாரணமா இருக்கும், அதனால ஒரு பக்கத்த பாத்துட்டு மத்தது எல்லாம் அப்படித்தான்னு நினைக்க வேணாம்.

பாக்கிற வழி லேசு. டேங்க காலி பண்ணுங்க, கண்ணாடிக்கு ஒரு பக்கம் லெப்டொப்ப வச்சு ஸ்க்ரீன வெள்ளையா போடுங்க, மத்த பக்கம் நின்னு போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் போட்டு பாருங்க, தலைய சாய்ச்சு சாய்ச்சு பாக்கணும். டெம்பர்னா கறுப்பு கறுப்பா திட்டு, கோடு தெரியும். சாதாரண கண்ணாடின்னா ஒரே மாதிரி இருக்கும். மூலையில சின்னதா முத்திரை இருந்தாலும் சந்தேகப்படுங்க, ஆனா முத்திரை இல்லாததால டெம்பர் இல்லன்னு முடிவு பண்ணிராதீங்க.

பண்டாரவளை_பைப்:
மேல சொன்னது நூத்துக்கு நூறு சரி. பைப் பக்கத்த நான் சொல்றேன்.

அடியில போடாத தம்பி, பின் கண்ணாடியில மேல போடு. அடியில போட்டு வாஷர் ஒரு நாள் விட்டுச்சுன்னா 240 லீட்டரும் தரையில. மேல போட்டா ஓட்டை மட்டம் வரைக்கும்தான் இறங்கும், மீனாவது மிஞ்சும். ரெண்டு ஓட்டை போடு. ஒன்னு தண்ணி இறங்க, மத்தது முதலாவது அடைச்சிட்டா காப்பாத்த. ஒரு இலையோ ஒரு நத்தையோ போதும் ஒரு பைப்ப அடைக்க, பம்ப் அது பாட்டுக்கு மேல தள்ளிக்கிட்டே இருக்கும். திரும்பி ஏற பைப்புக்கு ஓட்டை வேணாம், விளிம்புக்கு மேலால வளைச்சு விட்டா போதும்.

பிட் வாங்க முந்தி, ஓட்டையில பைப்ப மாட்டுற டேங்க் கனெக்டர வாங்கு. ஹாட்வெயார்ல 1 இஞ்சின்னு கேட்டா பைப்போட அளவுக்குத்தான் தருவாங்க, அதோட மரை இருக்க உடம்பு அத விட நல்லா பெருசு, கம்பனிக்கு கம்பனி வித்தியாசம் வேற. கையில வச்சு அளந்துட்டு அதுக்கு ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் கூட வர மாதிரி டயமண்ட் ஹோல் சோ, அதாவது கண்ணாடிய வட்டமா அறுக்கிற பிட் வாங்கு. டைல்ஸ்க்கு பாவிக்கிற ஈட்டி முனை பிட் சரிவராது.

ஓட்டைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையில ஓட்டையோட அகலம் அளவாவது இடம் விடணும், ரெண்டு ஓட்டைக்கு நடுவுலயும் அப்படித்தான். 45 மில்லிமீட்டர் ஓட்டைன்னா நடுப்புள்ளி விளிம்புல இருந்து 7 சென்டிமீட்டருக்கு குறையக் கூடாது.

இப்ப போடுற முறை. டேங்க பின்பக்கம் கீழ இருக்க மாதிரி படுக்க வைக்காத, பின் கண்ணாடி மேல பாத்து இருக்கணும், கீழ முழுசா ரெஜிபோம் (தெர்மோகோல்) விரி. ஓட்டை வர இடத்துக்கு உள்பக்கம் டேப் ரெண்டு மூனு பட்டை ஒட்டு, அறுந்து வர வட்டம் கீழ விழுந்து மத்த கண்ணாடிய உடைக்காது, விளிம்பும் அவ்வளவா சில்லு போகாது. மேல் பக்கம் பிள்ளைங்க விளையாடுற பிளாஸ்டிசின்ல வட்டமா வரம்பு கட்டி தண்ணி ஊத்து. வயல் வரம்பு மாதிரி தண்ணி நிக்கணும், வெள்ளையா குழம்பானதும் மாத்து. சார்ஜ் பண்ற டிரில் நல்லது, தண்ணிக்கு பக்கத்துல கரண்ட் வயர் வேணாம். டிரில்ல இடிச்சு இடிச்சு துளைக்கிற ஹேமர கட்டாயம் ஓஃப் பண்ணு. ஸ்பீட குறை. ஹோல் சோவுக்கு நடுவுல ஊசி இல்லாததால ஆரம்பத்துல வழுக்கி ஓடும், அதனால ஒரு பலகைத் துண்டுல அதே பிட்டால ஓட்டை போட்டு அத கண்ணாடி மேல கிளாம்ப் பண்ணி வழிகாட்டியா வச்சுக்க, கொஞ்சம் பள்ளம் விழுந்ததும் பலகைய எடுத்துரு. அழுத்தாத. மெஷினோட பாரம் மட்டும் போதும். நெறய பேர் உடைக்கிறது கடைசி மில்லிமீட்டர்லதான், முடியப் போகுதுன்னு தெரிஞ்சதும் ஒரு அமுக்கு அமுக்குவாங்க, அங்கதான் இன்னும் மெதுவா போகணும். கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு கையுறை போடு, அந்த வெள்ளைத் தூள் காய்ஞ்சு பறக்க விடாத, சுவாசத்துக்கு கூடாது.

தலவாக்கலை_மீன்வீடு:
எனக்கு என்னமோ ஓட்டை போடுறது தேவையில்லாத வேலைன்னு படுது. விளிம்புல தொங்க விடுற ஓவர்ஃப்ளோ பெட்டி ஒன்லைன்ல கிடைக்குது, அத வாங்கிப் போட்டா டேங்கும் தப்பும்.

பண்டாரவளை_பைப்:
அந்தப் பெட்டி சைபன்ல, அதாவது வளைஞ்ச குழாய் தண்ணிய விளிம்புக்கு மேலால இழுத்து கீழ விடுற முறையில வேலை செய்யிறது தங்கச்சி. கொஞ்ச நாள்ல உள்ள காத்துக் குமிழ் சேரும், கரண்ட் போய் வரும்போது சில நேரம் சைபன் திரும்ப பிடிக்காது, ஆனா பம்ப் ஓடத் தொடங்கிரும், சம்ப்ல இருக்க தண்ணி எல்லாம் மேல ஏறி விளிம்பு தாண்டி ஊத்தும். அடிக்கடி கரண்ட் போற நம்ம பக்கத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஓட்டைக்குள்ள தண்ணி தானா விழும், பிடிக்கணும்னு ஒன்னும் இல்ல. டேங்க் டெம்பரா இருந்தா மட்டும் அந்தப் பெட்டிய யோசிக்கலாம்.

மஸ்கெலியா_ஆறு:
அம்மாவோட பயத்துக்கு கணக்கு போட்டு காட்டுங்க தம்பி, நிம்மதியா இருப்பாங்க. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நேரத்துலயும் இங்க எங்க சம்ப் வழியல, காரணம் இந்தக் கணக்குதான்.

மேல் டேங்க்ல 1 சென்டிமீட்டர் உயரம்னா 120 பெருக்கல் 45, அதாவது 5.4 லீட்டர். உங்க சம்ப்ல 1 சென்டிமீட்டர்னா 1.8 லீட்டர். ஆக மேல 1 இறங்கினா கீழ 3 ஏறும். இத மனசுல வச்சுக்கிட்டா மத்தது எல்லாம் விளங்கும்.

கரண்ட் போனதும் ரெண்டு வழியா தண்ணி இறங்கும். ஒன்னு ஓட்டை வழியா. அதுக்கு ஓட்டைகள சுத்தி உள்பக்கம் கண்ணாடியில ஒரு சின்னப் பெட்டி கட்டி சிலிக்கன் வச்சிருங்க, தண்ணி அந்தப் பெட்டியோட மேல் விளிம்பத் தாண்டித்தான் உள்ள விழும், அப்ப டேங்க் அந்த விளிம்பு வரைக்கும் மட்டும்தான் குறையும். அக்ரிலிக்ல கட்டாதீங்க, சிலிக்கன் அதுல சரியா ஒட்டாது. ரெண்டாவது வழிய நெறய பேர் மறந்துர்றாங்க, பம்ப் நின்னதும் ஏத்துற பைப்பே தலைகீழா சைபனாகி, வாய் தண்ணிக்கு வெளிய வர வரைக்கும் இழுக்கும். வாய் 4 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்தா 21.6 லீட்டர், கீழ 12 சென்டிமீட்டர் ஏறும். அதையே 1 சென்டிமீட்டர் ஆழத்துல வைங்க. பைப்புல சின்ன ஓட்டை போட்டா காத்து புகுந்து சைபன் அறும்னு சொல்வாங்க, அதுவும் சரி, ஆனா பாசி அடைச்சிரும். தண்ணி திரும்பி வராம தடுக்கிற நொன் ரிட்டர்ன் வால்வும் அழுக்கு பிடிச்சா மூடாது. ரெண்டையும் வைங்க, நம்பி கணக்கக் குறைக்காதீங்க. சம்ப்ல ஓடும்போது 15 சென்டிமீட்டராவது மேல காலியா விடுங்க, பெட்டிக்குள்ளயும் பைப்புலயும் இருக்க தண்ணியும் வரும்ல.

கொட்டகலை_கயல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லெப்டொப் வச்சு பாத்தேன், அடிக் கண்ணாடியில திட்டு திட்டா தெரியுது, பின் கண்ணாடி தெளிவா இருக்கு. மேல போட சொன்னது எவ்வளவு நல்லதா போச்சு! இன்னும் ரெண்டு சந்தேகம். டேங்க் கனெக்டருக்கு சிலிக்கன் வைக்கணுமா? ஹீட்டர சம்ப்ல போட்டா இந்தக் குளிருக்கு மேல வரைக்கும் சூடு போகுமா?

பண்டாரவளை_பைப்:
சிலிக்கன் வேணாம். ரப்பர் வாஷர் அகலமான தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வரணும், தலை தண்ணிப் பக்கம், நட் வெளிய. நட்டுப் பக்கம் வாஷர் போட்டா சுத்தும்போது அது முறுகும், தண்ணி மரை வழியாவும் வரும். கையால இறுக்கி அதுக்கு மேல கால் சுத்து, ஸ்பானர் போட்டு முறுக்கினா கண்ணாடி போயிரும். இறங்குற பைப்புல கேட் வால்வு ஒன்னு போட்டு அளவ சரி பண்ணு, பித்தளை வேணாம் பிவிசி எடு, நாளைக்கு இறால் விட்டா பித்தளையில இருக்க செம்பு ஆகாது. ரெண்டாவது பைப்புக்கு வால்வே போடாத.

மஸ்கெலியா_ஆறு:
சூடு போகும், தண்ணி சுத்திக்கிட்டே இருக்கிறதால ரெண்டு டேங்கும் ஒரே சூட்டுலதான் இருக்கும். ஆனா சம்ப்பையும் மேல் டேங்கையும் மூடி வைங்க, தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகும். சம்ப்ப தடுப்புக் கண்ணாடி வச்சு அறை அறையா பிரிப்பீங்கதானே, ஹீட்டர பம்ப் இருக்க அறையில வைக்காதீங்க, தண்ணி வத்தும்போது மட்டம் குறையிறது அந்த அறையிலதான், ஹீட்டர் வெளிய தெரிஞ்சா வெடிச்சிரும். தடுப்புக் கண்ணாடி மட்டத்த பிடிச்சு வச்சிருக்க நடு அறையில படுக்க வைங்க.

கொட்டகலை_கயல்:
விளங்கிச்சு அண்ணே. பைப் ஒட்டினா அன்னைக்கே தண்ணி விடலாமா?

பண்டாரவளை_பைப்:
வேணாம். குளிர்ல பிவிசி கம் காய நேரம் எடுக்கும், ஒரு முழு நாள் விடு. முதல்ல ஒட்டாம கோத்துப் பாத்து நீளம் சரியான்னு பாத்துக்க, பிறகு ஒட்டு. தண்ணி விட்ட அன்னைக்கு ஒவ்வொரு ஜொயின்டுக்கும் கீழ டிஷ்யூ வச்சிட்டு பம்ப ஓட விடு, நடுவுல நீயே பிளக்க பிடுங்கி கரண்ட் போன மாதிரி செஞ்சு பாரு, சம்ப் எங்க வந்து நிக்குதுன்னு மார்க்கர்ல கோடு போடு. மீன் விடுறது அதுக்குப் பிறகு.