வெண்பொருள் 2 வயதோடு முடிந்துவிடுமா?

மழலைஅம்மா:
எங்கள் பகுதி மழலையர் பள்ளி ஒன்று பூங்கா வாசலில் நோட்டீஸ் கொடுக்கிறது. மூளையின் வெண்பொருள், அதாவது மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள், 2 வயதுக்குள் முழுமை அடைந்துவிடுமாம், அதற்குள் சேர்க்காவிட்டால் வாய்ப்பு போனது போனதுதானாம். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. நரம்பிழைகளுக்கு மயலின் என்ற காப்பு உறை போடும் வேலை மூளையின் முன்பகுதியில் 20 வயதைத் தாண்டியும் நடக்கிறது. பெற்றவர்களை ஏன் இப்படிப் பயமுறுத்த வேண்டும்?

ஸ்கேன்அறை:
நோட்டீஸில் இருப்பது சரிதான். எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் டி2 படத்தில் (அது எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு வகை) வெண்பொருள், நரம்பணு உடல்கள் இருக்கும் சாம்பல் பொருளைவிட வெளுப்பாக இருக்கும். மயலின் ஏற ஏறக் கருக்கும். 2 வயதில் பெரியவர்கள் படம் மாதிரியே ஆகிவிடும். 2 வயது!

தாமிரபரணி:
படம் ஒரே மாதிரி தெரிந்தால் வளர்ச்சி நின்றுவிட்டதா? நரம்பிழைகளை ஒட்டி நீர் எப்படி நகர்கிறது என்று பார்க்கும் டிஃப்யூஷன் டென்சார் எம்.ஆர்.ஐ. முறையில் அளந்தால் வாலிப வயது வரை மாற்றம் தெரிகிறதே. மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளின் பின்பக்க ஓரத்தில் அந்த மங்கலான வெளுப்பு 10 வயதிலும் இருக்குமே, பார்த்ததில்லையா?

ஸ்கேன்அறை:
எனக்கே பாடமா? நடைவண்டி விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள். ரிப்போர்ட் எழுதும் டாக்டர்கள் 2 வயதைத்தான் கணக்கு வைக்கிறார்கள்.

மழலைஅம்மா:
ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வைப் பாருங்கள். காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 8 வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தபோது, காப்பகப் பராமரிப்பிலேயே விடப்பட்டவர்களின் வெண்பொருள் குறைந்திருந்தது. குடும்பத்துக்குப் போனவர்களிடம் மீட்சியின் அறிகுறி தெரிந்தது.

ஸ்கேன்அறை:
அவர்கள் போனபோது சராசரி வயது 2-க்குக் கொஞ்சம் கீழே. எனக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி மேடம்.

மழலைஅம்மா:
தேர்வு செய்தபோதே 31 மாதம் வரை ஆன குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நெய்மணம்:
மயலினில் பெரும்பங்கு கொழுப்பு. தினமும் ஒரு கரண்டி நெய் விடுங்கள், வெண்பொருள் தானாக வளரும்.

தாமிரபரணி:
மயலினுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் போகாது.

நெய்மணம்:
அப்படியானால் பருப்புச் சாதத்தில் நெய் விட்டு எங்களை வளர்த்த அப்பத்தா முட்டாளா? நாலு கட்டுரை படித்ததும் பெரியவர்கள் இளக்காரமாகிவிட்டார்கள்.

தாமிரபரணி:
உங்கள் அப்பத்தாவை யார் சொன்னார்கள்?

ஸ்கேன்அறை:
நெய்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது 2 வயது. இன்னும் ஒருவரும் மறுக்கவில்லை.

மழலைஅம்மா:
தொடக்கத்திலிருந்து மறுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அந்தப் பள்ளிக்கு நீங்கள் வேண்டியவரா?

ஸ்கேன்அறை:
வார்த்தையை அளந்து பேசுங்கள். புத்தகத்தில் இருக்கும் டி2 படம் இரண்டை இரவு இங்கே போடுகிறேன். எது 2 வயது, எது 30 வயது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

தாமிரபரணி:
தாராளமாகப் போடுங்கள். அந்த இரண்டு வயதுக்குமான டிஃப்யூஷன் அளவுகளையும் சேர்த்தே போடுங்கள்.