பாலே நடனத்தைப் புதிதாகத் தொடங்கியவர் கால் வலுவை எப்படிக் கூட்டுவது?

மீரா: முப்பதைத் தாண்டியபின் பாலே வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஐந்தாம் நிலையில் (கால்களை வெளியே திருப்பி, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி ஒட்டி வைத்து) நின்றால் முழங்காலின் உள்பக்கம் இழுக்கிறது. ரெலவே, அதாவது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் ஏறினால் கணுக்கால் வெளியே சாய்கிறது. வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

வசந்தி அக்கா: ஐந்தாம் நிலையை இப்போதைக்கு விடுங்கள் மீரா, குதிகால்களைச் சேர்த்து விரல்களை வெளியே திருப்பி நிற்கும் முதல் நிலையே போதும். கால் வெளியே திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பும் அளவைத் தாண்டிப் பாதத்தைத் தரையில் ஊன்றித் திருகினால், பாரம் முழங்காலில்தான் விழும். பிளியேயில், அதாவது முழங்காலை மடக்கி இறங்கும்போது, அது இரண்டாம் விரலுக்கு நேராக வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். உள்ளே விழுந்தால் திருப்பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை!

ரெலவேக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை நேராக வைத்து, இரண்டு எண்ணுவதற்குள் ஏறி நான்கு எண்ணி இறங்குங்கள். எடை பெருவிரல், இரண்டாம் விரல் பக்கம் நிற்கட்டும். இறங்கும்போதும் கெண்டைக்கால் நன்றாக உழைக்கும், அவசரப்படாதீர்கள். இரண்டு காலில் ஆடாமல் வந்தபின் ஒற்றைக் கால்.

கார்த்திக்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைச் சேர்த்தபடி மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுங்கள். தொடையை இடுப்பிலிருந்து வெளியே திருப்பும் தசைக்கு நல்லது. இடுப்பு பின்னால் சாயக் கூடாது.

மீரா: நன்றி! விரல் நுனியில் நின்று ஆட உதவும் பாயின்ட் ஷூ எப்போது போடலாம்?

வசந்தி அக்கா: அதை ஆசிரியர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை வாங்கவே வேண்டாம். அப்புறம், முழங்கால் வீங்கினாலோ ஓய்வெடுத்தும் வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.